தேர் இருக்கிறது, வடம் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு மாடியறையில் சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. வருகிற சொந்தக்காரர்கள் இன்வெர்ட்டரா என்று கேட்பார்கள். பல சமயம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். சூப்பர் கம்ப்யூட்டர் வம்சத்தைச் சேர்ந்த உருப்படி என்று உண்மையைச் சொன்னால் அரைமணி நேரம் விளக்க வேண்டிவரும், காபி ஆறிப்போகும். இன்று வானொலி நிலையத்தாரே கூப்பிட்டு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் தைரியமாகப் பேசுகிறேன்.

பழைய ரேடியோ சேர்க்கிறவர்கள் உண்டு, பழைய ஸ்கூட்டர் சேர்க்கிறவர்கள் உண்டு. பழைய சூப்பர் கம்ப்யூட்டரை வாங்கி வந்து, தூசி தட்டி, பழுது பார்த்து, மறுபடியும் ஓடவைக்க முயல்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். கார் ஷெட்டில், நிலவறையில் வைத்திருப்பார்கள். பைத்தியக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பைத்தியத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் இந்த வம்சத்தின் மூத்த யானையைப் பார்ப்போம். க்ரே-1. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிப்பேவா ஃபால்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்தவர் சீமோர் க்ரே. பெரிய நகரத்துச் சந்தடி பிடிக்காமல் சொந்த ஊரிலேயே கம்ப்யூட்டர் கட்டிய மனிதர். அவர் 1972-ல் தொடங்கிய நிறுவனத்தின் முதல் இயந்திரம் 1976-ல் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்துக்குப் போனது. எடை 5 டன்னுக்கு மேல். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைந்து நிற்கும். சுற்றிலும் மெத்தை வைத்த திண்ணை. உட்கார்ந்து பேசலாம், அழகாகவே இருக்கும். ஆனால் அந்தத் திண்ணைக்கு அடியில் இருப்பது பவர் சப்ளை.

அந்த வளைவு அழகுக்காக வந்ததில்லை. க்ரே-1 விநாடிக்கு 8 கோடி முறை துடிக்கும். ஒரு துடிப்புக்கு 12.5 நானோ விநாடி. அந்த நேரத்துக்குள் மின்குறி ஒரு கம்பியில் சுமார் இரண்டரை மீட்டர்தான் ஓட முடியும். கம்பி நீண்டால் கணக்கு பிந்தும். எனவே எந்தக் கம்பியும் 4 அடிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தார் க்ரே. பலகைகளை வட்டமாக அடுக்கி, எல்லா முதுகுகளும் உள்பக்கம் பார்க்கும்படி செய்தால்தான் அது நடக்கும். அப்படி உள்ளே ஓடிய கம்பி மொத்தம் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். இயந்திரம் கோக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொன்றாகக் கையால் கோத்தார்கள். உள்ளே எட்டிப் பார்க்கும் படம் ஒன்று பார்த்திருக்கிறேன். நீலமும் வெள்ளையுமாக, பிரித்துப் போட்ட நூல்கண்டுக் குவியல் போல இருக்கும். அதில் எந்த முனை எங்கே போகிறது என்று ஒருத்திக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு ஆச்சரியம்.

சரி, இதை வீட்டில் வைத்து ஓட்ட முடியுமா? முடியாது. 115 கிலோவாட் மின்சாரம் வேண்டும். நம் வீட்டுக்கு மின்வாரியம் 5 கிலோவாட் அனுமதித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 23 வீடு சேர்ந்தால்தான் இதற்கு ஒரு வேளை சாப்பாடு. குளிர்விக்க ஃப்ரியான் ஓடும் குழாய்கள் வேறு. அதனால் மிஞ்சிய க்ரே-1 எல்லாம் மியூனிக், லண்டன், கலிஃபோர்னியா என்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. ஓடுவதில்லை.

ஓடவில்லை என்பதற்கு மின்சாரம் மட்டும்தான் காரணம் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நியூயார்க்கில் இருந்த ஓர் ஆர்வலர் செய்த வேலையைப் படித்த பிறகுதான் கண் திறந்தது. 2010 வாக்கில் அவர் க்ரே-1 போலவே, ஆனால் பத்தில் ஒரு பங்கு உயரத்தில், மரத்தால் ஒரு பொம்மை செய்தார். திண்ணைக்குத் தோல் மாதிரித் துணிகூடத் தைத்துப் போட்டார். பொம்மை என்றாலும் உள்ளே விஷயம் இருந்தது. எஃப்பிஜிஏ என்று ஒரு வகைச் சிப் உண்டு. நாம் வரைந்து கொடுக்கிற மின்சுற்றாகவே அது மாறிக்கொள்ளும். பழைய க்ரே கையேட்டை வரி வரியாகப் படித்து, அந்தக் கணினியின் உள்கட்டமைப்பை அப்படியே அந்தச் சிப்பில் இறக்கிவிட்டார். 5 டன் யானை மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்புறம்தான் சிக்கல். அதில் ஓட்ட ஒன்றுமே இல்லை! ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை, நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இல்லை. உலகம் முழுக்க 80-க்கும் மேல் விற்ற இயந்திரம். ஒவ்வொன்றும் பல கோடி ரூபாய். அதன் மென்பொருள் பிரதி ஒன்றுகூடக் கைக்கு எட்டவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். வாங்கியவர்களில் பலர் அணு ஆயுத ஆய்வகம், ராணுவம், அரசுத் துறை. இயந்திரத்தைக் கழித்துக் கட்டும்போது இரும்பை விடுவார்கள், மென்பொருள் இருக்கிற வட்டை விடமாட்டார்கள். வட்டை அழிப்பதுதான் அங்கே விதி. நம் ஊரில் ஓட்டம் நின்றுபோன தேர் மாதிரி. தேர் முட்டியில் அப்படியே நிற்கும். வடம் எந்த வருடம் யார் வீட்டுக் கொட்டகைக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

தேடித் தேடிக் கடைசியில் அவருக்கு ஒரு வட்டுக் கட்டு கிடைத்தது. பெரிய கேக் அளவு, கொள்ளளவு 80 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கிற ஒரு நிமிட வீடியோவே அதைவிடப் பெரிதாக இருக்கும். அதை ஓட்டத் தெரிந்த டிரைவைத் தேடுவது தனிப் பாடு. ஒருவழியாக அதிலிருந்த காந்தக் குறிகளைக் கவனமாக எடுத்து, பொதுவில் வைத்தார். அந்த வட்டில் இருந்தது க்ரே-1-க்கு அடுத்து வந்த எக்ஸ்-எம்பி இயந்திரத்தின் ஆபரேட்டிங் சிஸ்டம். இன்னொரு ஆர்வலர் அந்த பிட்டுகளை வைத்துக்கொண்டு, எக்ஸ்-எம்பியையே சாதாரணக் கணினியில் நடிக்கவைக்கும் நிரல் எழுதி, அதை எழுப்பியே விட்டார். இரண்டு பேருமே இதற்குச் சம்பளம் வாங்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

வீட்டில் வைக்கக்கூடிய க்ரே ஒன்றும் உண்டு. 1994-ல் வந்த ஜே90. காற்றிலேயே குளிர்கிற இயந்திரம், குழாய் கிழாய் வேண்டாம். சேகரிப்பவர்களுக்கு இதுதான் ஆசை. ஆனால் ஜே90 தானாக எழுந்திருக்காது. அதை எழுப்ப பக்கத்தில் ஒரு சன் ஸ்பார்க் கணினி வேண்டும், யானைக்குப் பாகன் மாதிரி. பாகன் சொன்னால்தான் யானை எழும். இந்தக் காலத்தில் பாகனுக்கு மறதி நோய். சன் கணினிக்குள் ஒரு சின்னச் சிப், அதன் வயிற்றுக்குள்ளேயே லித்தியம் பேட்டரியை வைத்து மூடியிருப்பார்கள். தன் அடையாள எண்ணையும் நெட்வொர்க் முகவரியையும் கணினி அதில்தான் வைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து வருடத்தில் பேட்டரி செத்துவிடும். பிறகு கணினி எழுந்ததும், நான் யார் என்று எனக்கே தெரியவில்லை என்ற தினுசில் ஒரு பிழைச் செய்தி காட்டும்.

வைத்தியம் எளிது, கை நடுங்கக்கூடாது, அவ்வளவுதான். சிப்பின் தலையில் இருக்கும் எப்பாக்ஸியைச் சிறிய அரத்தால் சுரண்டினால் பேட்டரிக்குப் போகிற இரண்டு கம்பி தெரியும். அதை வெட்டிவிட்டு, கடையில் கிடைக்கிற நாணய பேட்டரி ஒன்றை வெளியே பற்றவைத்து, மறந்துபோன முகவரியைக் கையால் தட்டச்சு செய்து கொடுக்கவேண்டும். பல லட்சம் டாலர் யானை மறுபடி எழுவது சில ரூபாய் பேட்டரியால் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

இனி என் மாடியறைப் பெட்டி. அதற்கு முன் புனேயைச் சொல்லவேண்டும். 1980-களில் இந்தியா வானிலைக் கணிப்புக்கு க்ரே கேட்டது. பேரம் நீண்டது. கடைசியில் அமெரிக்கா கண்காணிப்பு நிபந்தனைகளோடு ஒரு எக்ஸ்-எம்பியைத்தான் டெல்லிக்குக் கொடுத்தது. அதைவிடப் பெரிதைக் கொடுக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று 1988-ல் புனேயில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் தொடங்கியது. விஜய் பட்கர் தலைமை. 1991-ல் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வெளிவந்தது. அதன் உள்ளே இருந்த மூளை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து இன்மாஸ் நிறுவனம் செய்த டிரான்ஸ்பியூட்டர் என்ற சிப்.

க்ரே ஒற்றை யானை என்றால் டிரான்ஸ்பியூட்டர் எறும்புக் கூட்டம். ஒவ்வொரு சிப்புக்கும் நான்கு பக்கம் நான்கு இணைப்பு. பக்கத்துச் சிப்போடு நேரடியாகப் பேசிக்கொள்ளும். 4, 16, 64 என்று எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். தனியாகப் பார்த்தால் டி800 என்ற டிரான்ஸ்பியூட்டர் சிப் 20 மெகாஹெர்ட்ஸ்தான். சேர்ந்தால்தான் பலம்.

என் பெட்டிக்குள் இருப்பது இந்த எறும்புகள்தான். கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கினேன். எந்த அலுவலகத்திலிருந்து கழித்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. தங்கத்துக்காக உருக்க எடுத்து வைத்திருந்தார். கம்ப்யூட்டருக்குள் சொருகுகிற நீளமான ஒரு மின்சுற்று அட்டை, அதில் பத்து இடம், நான்கில் மட்டும் சின்னப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு டி800. அட்டையோடு ஒரு பாலிதீன் பையில் மூன்று ஃப்ளாப்பி.

அட்டையை மாட்ட 386 ரகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அதன் பவர் சப்ளையை நேராகக் கரண்டில் சொருகவில்லை. எலக்ட்ரீஷியன்கள் செய்வது போல 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், பொருள் பிழைக்கும். பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. நல்ல சகுனம். வெளியேறும் பக்கத்துக்குச் சுமையாக ஒரு கார் முகப்பு பல்பை 12 வோல்ட்டில் கட்டி ஒரு மணி நேரம் பார்த்தேன். கெப்பாசிட்டர் எதுவும் ஊதவில்லை.

இப்போதுதான் டிரான்ஸ்பியூட்டர் தன் குணத்தைக் காட்டியது. அதற்கு வடமே வேண்டாம்! வட்டு வேண்டாம், ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டாம். ரீசெட் செய்தால் நான்கு இணைப்பில் ஏதாவது ஒன்றில் ஒரு பைட் வருமா என்று காத்துக்கொண்டிருக்கும். முதலில் வருவது 0 என்றால், பின்னால் வருகிற முகவரியில் வருகிற எண்ணை எழுதிக்கொள்ளும். 1 என்றால், கேட்கிற முகவரியில் இருப்பதைத் திருப்பிச் சொல்லும். அதைவிடப் பெரிய எண் என்றால், அத்தனை பைட்டை நிரலாக வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடும். 0 அனுப்பி ஒரு எண்ணை எழுதினேன். 1 அனுப்பிக் கேட்டேன். அதே எண் திரும்பி வந்தது. எத்தனை வருடம் பேசாமல் இருந்த சிப்போ, முதல் கேள்விக்கே சரியான பதில். கீழே போய் மனைவியிடம் சொன்னேன். "நல்லது, அந்த மிக்ஸியையும் கொஞ்சம் பாருங்கள்" என்றார்.

வலைப்பின்னலைத் துழாவும் புழு நிரல் ஒன்று உண்டு. ஒரு சிப்பில் ஏறி, அதன் இணைப்புகள் வழியே அடுத்ததைத் தட்டி எழுப்பி, மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி வரும். எண்ணி வந்து மூன்று என்றது. நான்காவது எங்கே? இரண்டு வாரம் தலையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் அந்தப் பலகையின் ஒரு கால் சாக்கெட்டுக்குள் போகாமல் அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்திச் சொருகியதும் நான்கு. புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு வரைகிற மாண்டல்புரோ படத்தை வரையச் சொன்னால் மூன்றுக்கும் நான்குக்கும் வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

சந்தோஷத்தில் செய்த தப்பை இப்போது சொல்கிறேன். மூன்று ஃப்ளாப்பி என்றேனே, ஒன்றின் லேபிளில் பால்பாயிண்ட் பேனாவில் 'ஃபைனல் 2' என்று எழுதியிருந்தது. இந்த அட்டைக்காக யாரோ எழுதிய நிரலாக இருக்கவேண்டும். அவசரப்பட்டு நேராக டிரைவில் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் வட்டில் வட்டமாக ஒரு கீறல், காந்தப் பூச்சு உரிந்து டிரைவின் தலையில் அப்பியிருந்தது. பூஞ்சை பிடித்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. அந்த நபர் என்ன கணக்குப் போட்டார், வானிலையா, அணைக்கட்டா, பட்டம் வாங்கும் ஆய்வா, இனி தெரியப்போவதில்லை. எண்ணை எழுதிப் படிக்க சிப்புக்கு வடம் வேண்டாம்தான். ஆனால் அது எதற்காக வாங்கப்பட்டதோ, அந்த வேலை அந்த ஃப்ளாப்பியில் இருந்தது.

மற்ற இரண்டையும் பிழைக்கவைத்தேன். அதைச் சொல்லி முடிக்கிறேன். இந்தத் தலைமுறை இயந்திரங்களில் வேலை பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் உங்கள் பரணிலும் ஃப்ளாப்பி இருக்கும். எடுத்தவுடன் டிரைவில் போடாதீர்கள். உலோக மூடியை விலக்கி, வட்டைக் கையால் சுழற்றி, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மங்கலோ தெரிந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பஞ்சால், அழுத்தாமல், இரண்டு பக்கமும் துடையுங்கள். காயவிடுங்கள். டிரைவின் தலையையும் ஒவ்வொரு ஃப்ளாப்பிக்கு முன்னும் துடையுங்கள். கிரீஸ்வீசல் என்று ஒரு சின்னப் பலகை விற்கிறது. அதை டிரைவில் கட்டி, கோப்புகளைத் தேடாமல், வட்டில் இருக்கிற காந்த மாற்றங்களை அப்படியே முழுசாக முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். கோப்பைப் பிரிப்பது, படிப்பது எல்லாம் பிறகு நிதானமாகச் செய்யலாம். இரண்டாவது ஓட்டத்துக்கு அந்த வட்டு தாங்கும் என்பது நிச்சயமில்லை.

வணக்கம்.