ஸ்மார்ட் சுவிட்ச் விளக்கின் நிறத்தை மாற்ற முடியுமா? மேலூர் அக்காவின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மேலூரில் இருந்து ஓர் அக்கா குரல்பதிவு அனுப்பி இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் நான்கு பட்டன் உள்ள வைஃபை டச் சுவிட்ச் மாட்டி ஆறு மாதம் ஆகிறது. அதில் மூன்று பட்டன் லைட், ஃபேனுக்கு. நான்காவது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு. நான்கிலும் ஒரே நீல விளக்குதான். மோட்டார் பட்டன் மட்டும் ஓடும்போது சிவப்பாக, நின்றதும் பச்சையாக மாற வேண்டும், ஆப் முழுக்கத் தேடிவிட்டேன், அந்த செட்டிங் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் மேலே சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் மோட்டாரை மறந்துபோய், தொட்டி வழிந்து, பக்கத்து வீட்டுச் சுவர் ஊறிவிட்டதாம். அதனால்தான் இந்தக் கேள்வி.

அக்கா, அந்த செட்டிங் ஆப்பில் இல்லை. நீங்கள் தேடியதில் குறை இல்லை. நிறம் ஆப்பில் இருக்கும் விஷயமே கிடையாது, உள்ளே ஈயத்தால் பற்ற வைத்திருக்கும் எல்இடி என்ற குட்டி விளக்கில் இருக்கும் விஷயம்.

இதோ, என் மேசையில் பழுதான சுவிட்ச் ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். பட்டனுக்குப் பின்னால் கேழ்வரகு மணி அளவில் ஒன்று தெரிகிறதே, அதுதான் எல்இடி. அதன் மேல் கண்ணாடி போன்ற சின்ன பிளாஸ்டிக் துண்டு, வெளிச்சத்தை முன்பக்கத்துக்குக் கடத்துகிறது. இந்த எல்இடிக்கு ஒரே நிறம், அவ்வளவுதான். எரிய வைக்கலாம், அணைக்கலாம், சிலவற்றில் மங்கலாக்கலாம். நீலம் தரும் பொருள் வேறு, சிவப்பு தரும் பொருள் வேறு. சிவப்பு எரிய ஏறக்குறைய 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வோல்ட் வேண்டும். எந்த ஆப்பாலும் ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியாது.

கண்ணாடித் தாளும் உதவாது. சிவப்புத் தாள் சிவப்பை உண்டாக்குவதில்லை. வருகிற வெளிச்சத்தில் இருக்கும் சிவப்பை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கிறது. வெள்ளை விளக்கில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் அங்கே பலிக்கும். உங்கள் நீல எல்இடியில் சிவப்பே கிடையாது, தாளை ஒட்டினால் இருட்டாகத்தான் தெரியும்.

அப்படியானால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ள ஆர்ஜிபி எல்இடியைக் கம்பெனிக்காரர்களே வைத்துவிடலாமே என்று தோன்றும். விலை ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் பின்கள், அதாவது சுவிட்சை இயக்கும் சிப்பில் ஒயர் இணைக்கும் கால்கள். நான்கு பட்டன் பேனலில் ரிலேவுக்கு (சிப் சொல்வதைக் கேட்டுக் கரண்டைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) 4 பின், தொடு உணர்வுக்கு 4 பின், விளக்குக்கு 4 பின், ஆக 12. ஆர்ஜிபி வைத்தால் விளக்குக்கு மட்டுமே 12 பின் கேட்கும். பல வைஃபை சுவிட்சுகளில் இருக்கும் ஈஎஸ்பி 8266 சிப்பில் மொத்தமே 17 பின்கள். அதில் 6 நினைவகச் சிப்புக்குப் போய்விடும். மிச்சம் 11, அந்த 12-க்கே போதாது. அதனால் பல பேனல்களில் விளக்கை ரிலேயின் பின்னிலேயே சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அந்த மாதிரிப் பேனலில் நிறம் இருக்கட்டும், விளக்கைத் தனியாக அணைக்கக்கூட வழி இல்லை. ஒரே ஒயரில் பல நிற எல்இடிகளை ஓட்டும் முறையும் உண்டு, ஆனால் அதை உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையைச் செய்யும்போதே வைத்திருக்க வேண்டும்.

சில பேனல்களில் அணைந்திருந்தால் நீலம், எரிந்தால் சிவப்பு என்று வருகிறதே என்பீர்கள். அது இரட்டை நிற எல்இடி. தொழிற்சாலையில் எந்த இரண்டு நிறம் வைத்தார்களோ அதே இரண்டுதான், பச்சை கேட்டால் வராது. வைஃபைக்குப் பதில் இசட்-வேவ் என்ற வேறு ரேடியோ முறையில் வேலை செய்யும் வெளிநாட்டு சுவிட்சுகள் சிலவற்றில் பல நிறம் இருக்கிறது, உண்மை. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் தம்பியிடம் சொல்லி வாங்கிவிடாதீர்கள். அங்கே இசட்-வேவ் 908.4 மெகாஹெர்ட்ஸ், இங்கே 865.2. நம் ஊர் ஹப்போடு, அதாவது அந்த சுவிட்சுகளை இணைக்கும் மையக் கருவியோடு, பேசாது. அதோடு அந்த சுவிட்சுகள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230-ஐத் தாங்காது.

எல்இடியை மட்டும் மாற்றிப் பற்ற வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம் அக்கா. இந்த சுவிட்சுகள் பலவற்றில் உள்ளே இருக்கும் 3.3 வோல்ட் பகுதி மெயின் கரண்டில் இருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருக்காது. சின்ன வோல்ட்தானே என்று தொட்டால் 230-ம் சேர்ந்து அடிக்கும்.

இப்போது எனக்கு இதைவிடக் கவலையான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மோட்டார் நேராக அந்த டச் சுவிட்சிலேயே இணைந்திருக்கிறதா? இந்தப் பேனல்களில் ரிலே பெரும்பாலும் 10 ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவு. 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். தினமும் அப்படி இழுத்தால் ரிலேக்குள் இருக்கும் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? நீங்கள் அணைப்பீர்கள், விளக்கும் அணைந்ததாகக் காட்டும், ஆப்பும் ஆஃப் என்று சொல்லும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். காரணம், அந்த விளக்கு மோட்டாரைப் பார்த்து எரிவதில்லை. ரிலேவுக்கு சிப் என்ன உத்தரவு கொடுத்ததோ அதைத்தான் காட்டுகிறது. ஆர்ஜிபி விளக்கே இருந்தாலும் அன்றைக்குப் பச்சையாகத்தான் இருக்கும், சுவர் மறுபடி ஊறும்.

நம் வீடுகளில் பழைய சுவிட்ச் போர்டில் சிவப்பாக ஒரு இண்டிகேட்டர் இருக்குமே, நினைவிருக்கிறதா? பல வீடுகளில் அது நியான் விளக்கு. அந்த வாயுவுக்கு இயல்பே ஆரஞ்சுச் சிவப்பு. அதிலும் நிறம் மாற்ற முடியாது. ஆனால் அது லைனிலேயே நேராக இணைந்திருக்கும். கரண்ட் இருந்தால் எரியும், இல்லை என்றால் எரியாது. நடுவில் ஆப்பும் கிடையாது, சிப்பும் கிடையாது. உங்கள் தேவைக்கு அந்த மாதிரி விளக்குதான் சரி.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். டச் சுவிட்ச் ஒரு கான்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே மாதிரி) மட்டும் இயக்கட்டும், மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்கட்டும். கான்டாக்டரில் இருந்து மோட்டாருக்குப் போகும் லைனில் 230 வோல்ட் சிவப்புப் பேனல் இண்டிகேட்டர் ஒன்றை இணைத்து, அடுப்படியில் உங்கள் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். 22 மில்லிமீட்டர் துளையில் உட்காரும். மதுரைக்கு வரும்போது எலக்ட்ரிக்கல் கடையில் மோட்டார் பேனலுக்குப் போடும் சிவப்பு இண்டிகேட்டர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், அதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கலர் ஸ்மார்ட் பல்பு ஒன்றை வாங்கி, மோட்டார் போட்டால் சிவப்பு என்று ஆப்பில் இணைக்கலாம், அதுவும் நடக்கும். ஆனால் வைஃபை சாதனங்களில் அந்தக் கட்டளை பெரும்பாலும் இன்டர்நெட் வழியாகத்தான் போய் வருகிறது. நெட் போன நேரத்தில் பல்பு பழைய நிறத்திலேயே நிற்கும். மோட்டாருக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

தொட்டி வழிவதுதான் பிரச்சினை என்றால் தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்சையும் (தண்ணீரோடு மிதந்து மட்டம் உயர்ந்ததும் அணையும் சுவிட்ச்) போட்டு, கான்டாக்டரை இயக்கும் காயிலுக்குப் போகும் ஒயரை அதன் வழியாக எடுத்துவிடுங்கள். தண்ணீர் மேலே வந்ததும் மோட்டார் தானே நின்றுவிடும், நீங்கள் மறந்தாலும் சரி.

உங்கள் சுவிட்சின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை ஆம்பியர் என்று அதில் போட்டிருக்கும். எலக்ட்ரீஷியன் கழற்றும்போது அதை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் மோட்டார் நின்ற சத்தத்தைக் காதால் கேட்ட பிறகு நகருங்கள்.

சரி, அடுத்த கேள்வி திருமங்கலத்தில் இருந்து.