தரையில் விழுந்த தங்கமீன்

நேயர்களுக்கு வணக்கம்.

தொட்டியில் தங்கமீனைக் காணோம். தேடினால் மேசைக்கு அடியில், தூசியும் முடியும் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. மீன் வளர்க்கிற வீடுகளில் என்றைக்காவது ஒருநாள் நடக்கிற விபத்துதான் இது. பலர் அந்த நிமிடமே கதை முடிந்தது என்று நினைத்து, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். உடம்பில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலே தங்கமீன் நாம் நினைப்பதைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கும்.

முதலில் கையை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். மீனின் உடம்பெங்கும் வழுவழுப்பான ஒரு படலம் இருக்கிறது. கிருமிகளைத் தடுப்பது அதுதான். காய்ந்த கை பட்டால் அது உரிந்து வந்துவிடும். வாலைப் பிடித்துத் தூக்காமல், இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தி எடுங்கள். தூசியைத் துணியால் துடைக்கப் போகாதீர்கள். தண்ணீருக்குள் போனதும் பெரும்பாலும் தானே கழன்றுவிடும். செவுளில் முடி சிக்கியிருந்தால் மட்டும் மெதுவாக விலக்குங்கள். விட வேண்டியது அது வாழ்ந்த அதே தொட்டித் தண்ணீரில். குழாய்த் தண்ணீரில் நேராகப் போட்டால், ஏற்கெனவே காய்ந்து நொந்த செவுளைக் குளோரின் இன்னும் புண்ணாக்கும்.

காற்றில்தான் ஆக்ஸிஜன் ஏராளமாக இருக்கிறதே, அப்புறம் ஏன் மூச்சு முட்டுகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. செவுள் என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய இதழ்களின் அடுக்கு. தண்ணீருக்குள் நம் தலைமுடி எப்படிப் பிரிந்து மிதக்கிறது, வெளியே வந்ததும் எப்படிக் கற்றையாக ஒட்டிக்கொள்கிறது, அதேதான் அங்கேயும் நடக்கிறது. இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், சுற்றிலும் எவ்வளவு காற்று இருந்தாலும் எடுத்துக்கொள்ள இடமில்லை. மறுபடி தண்ணீர் ஓடினால்தான் அவை பிரியும். அதனால் ஏர் பம்ப்பை வேகமாக ஓடவிட்டு, குமிழி வரும் இடத்துக்குப் பக்கத்தில் மீனை நிமிர்த்திப் பிடியுங்கள். ஃபில்டரிலிருந்து மென்மையாக நீரோட்டம் வந்தால், வாய் அந்தப் பக்கம் பார்க்கட்டும். முன்னும் பின்னுமாக இழுத்து ஆட்டுவதைப் பலர் செய்கிறார்கள், அது தவறு. வாய்வழியே நுழைந்து செவுள்வழியே வெளியேறுவதுதான் தண்ணீரின் பாதை. பின்னால் இழுத்தால் தண்ணீர் எதிர்த்திசையில் புகுந்து அந்த மெல்லிய இதழ்களை நோகடிக்கும்.

உயிர் இருக்கிறதா என்று இந்த நேரத்தில் பார்க்கலாம். செவுளின் மேலுள்ள மூடி விட்டுவிட்டு, மிகமிக மெதுவாக அசையலாம். அதுவும் தெரியவில்லை என்றால் கண்ணைப் பாருங்கள். மீனைத் தண்ணீருக்குள்ளேயே லேசாக ஒருபக்கம் சாய்த்தால், உயிருள்ள மீனின் கண் உடம்போடு சேர்ந்து சாயாமல், நேராக நிற்கப் பார்ப்பதுபோல் எதிர்ப்பக்கம் உருளும். அந்தச் சின்ன அசைவைக் கண்டுவிட்டால் கையை எடுக்காதீர்கள். சில மீன்களுக்கு மூச்சு சீராக வெகுநேரம் ஆகும்.

தங்கமீனுக்கு ஒரு அபூர்வத் திறமை உண்டு. ஆக்ஸிஜன் இல்லாத நிலையில் பெரும்பாலான மற்ற விலங்குகளின் உடம்பில் லாக்டிக் அமிலம் சேர்ந்து ஆளைக் கவிழ்க்கும். தங்கமீன் அதை எத்தனாலாக, அதாவது ஒருவகைச் சாராயமாக மாற்றி, செவுள்வழியே வெளியேற்றிவிடும். ஆக்ஸிஜன் குறைந்த குளிர்நீரில் அது பிழைத்துக் கிடப்பது இதனால்தான். தரையில் விழுந்தபோது இது எவ்வளவு கைகொடுக்கும் என்று கணக்குச் சொல்ல முடியாது. ஆனால் லேசில் விட்டுக்கொடுக்காத ஜீவன் அது.

சரி, மீன் நீந்தத் தொடங்கிவிட்டது. ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். என் பார்வையில், கவனம் அதிகம் தேவைப்படுவது இனிமேல்தான். படலம் உரிந்து, செதில் உதிர்ந்த இடங்கள் எல்லாம் திறந்த வாசல். நன்னீர் மீனின் உடம்பில் உப்பு அதிகம், சுற்றியுள்ள தண்ணீரில் குறைவு. அதனால் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் புகப் பார்க்கும். காயம்பட்ட மீனுக்கு அதை வெளியேற்றுவதே பெரிய வேலை. இங்கேதான் உப்பு உதவுகிறது. வேறெதுவும் கலக்காத சாதாரண உப்பு, லிட்டருக்கு 1 கிராம். தனிப் பாத்திரத்தில் கரைத்து, சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது, தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீரை மட்டும் சேருங்கள். தண்ணீரை மாற்றும்போது, எடுத்த அளவுக்கு மட்டும் உப்பு போட்டால் போதும். தொட்டியில் செடிகள் இருந்தால் சில வாடிப்போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாப்பாடு வேண்டாம். அதிர்ச்சியில் இருக்கும்போது தின்னாமல் விட்ட உணவு தண்ணீரில் அழுகி அம்மோனியா என்ற நச்சாகும். விளக்கை அணைத்துவிடுங்கள். கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பது, கையில் எடுத்து எடுத்துச் சோதிப்பது எதுவும் வேண்டாம். பாசம் அதிகமுள்ளவர்களுக்கு இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம், எனக்குப் புரிகிறது. மற்ற மீன்கள் துரத்திக் கடித்தாலும், அவசரமாகப் புதுத் தொட்டிக்கு மாற்றவும் வேண்டாம். புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் இருக்காது. பழைய தொட்டியிலேயே நடுவில் ஒரு தடுப்பு வைத்தாலே போதும். தினமும் கால் பங்கு தண்ணீரை, ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) கலந்த, அதே சூடுள்ள தண்ணீராக மாற்றிவாருங்கள். அம்மோனியா, அது சிதையும்போது உண்டாகும் நைட்ரைட் என்ற நச்சு, இரண்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த சில நாட்கள் தள்ளி நின்று பாருங்கள். காயத்தில் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்தால் பூஞ்சை. துடுப்பில் சிவப்புக் கோடுகள் ஓடினால், செதில்கள் சிலிர்த்து நின்றால், கிருமி உள்ளே போய்விட்டது என்று சந்தேகப்படலாம். விழுந்த வேகத்தில் காற்றுப்பையிலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருந்தால் சாய்ந்தே மிதக்கும். இவற்றில் எதைக் கண்டாலும் மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். முன்னெச்சரிக்கை என்று ஆன்டிபயாடிக்கைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொட்டியின் நல்ல பாக்டீரியாக்களையும் அது கொல்லக்கூடும். இந்த அறிகுறிகள் இல்லாமல் செதில் மட்டும் உதிர்ந்திருந்தால் கவலை வேண்டாம், சில வாரங்களில் முளைத்துவிடும்.

அப்புறம், அது ஏன் குதித்தது என்று பாருங்கள். தண்ணீர் கெட்டிருக்கலாம், ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம், இன்னொரு மீன் விரட்டியிருக்கலாம். காரணம் மாறாவிட்டால் அதே மீன் மறுபடி குதிக்கும். தண்ணீர் மட்டத்தை விளிம்புக்குக் கீழே நாலு விரல்கடை இறக்கி, வலை மூடி ஒன்று போடுங்கள். பம்ப் குழாய் நுழைகிற மூலையில் விடும் இடைவெளி, உங்கள் மீனின் உடம்பைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

வணக்கம்.