பாட்டை ஜெயிக்க வைப்பது குரலா, முகமா? குரல் அணியின் பேச்சு

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, அவையோரே, வணக்கம்.

நான் குரல் கட்சி. சாட்சிக்கு ஒரே ஓர் அம்மாவை அழைத்து வந்திருக்கிறேன். மார்த்தா வாஷ். சான் பிரான்சிஸ்கோக்காரர், சர்ச்சில் பாடி வளர்ந்தவர்.

அந்த ஊரில் 1976-ல் சில்வெஸ்டர் என்று ஒரு டிஸ்கோ பாடகர். பின்பாட்டுக்கு ஆள் தேடுகிறார். மார்த்தா போகிறார். அங்கே ஏற்கனவே இரண்டு பெண்கள். எப்படி? ஒல்லியாக, பொன்னிற முடியோடு, பத்திரிகை அட்டையிலிருந்து இறங்கி வந்த மாதிரி. நம் மார்த்தா எப்படி? நல்ல வாட்டசாட்டம். எதிரணி அண்ணன் தேர்வு செய்திருந்தால் மார்த்தா வாசலோடு திரும்பியிருப்பார். சில்வெஸ்டர் என்ன செய்தார்? ஒல்லியான இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார்! அதோடு விட்டாரா? மார்த்தாவிடம் ஒரு கேள்வி கேட்டார். சம்பளம் எவ்வளவு என்றா? இல்லை. எந்தப் பாட்டெல்லாம் தெரியும் என்றா? அதுவும் இல்லை. உன்னை மாதிரியே பாடுகிற, உன்னை மாதிரியே பெரிய உடம்புக்காரி இன்னொருத்தி கிடைப்பாளா என்று கேட்டார்! கடைசி வரிசைக்குக் கேட்டதா? பெரிய உடம்புக்காரி, இன்னொருத்தி! உலகத்தில் வேறெந்த இன்டர்வியூவிலாவது இந்தக் கேள்வி வந்திருக்கிறதா?

வந்தார் ஐசோரா ரோட்ஸ். ஜோடிக்குப் பெயர் டூ டன்ஸ் ஓ ஃபன். ஒரு டன் இல்லை ஐயா, இரண்டு டன்! மேடை தாங்கியதா என்று அண்ணன் கண்ணாலேயே கேட்கிறார். தாங்கியது. 1979-ல் சான் பிரான்சிஸ்கோ ஆபரா ஹவுஸ் மேடையே தாங்கியது.

அப்புறம் அதே ஜோடி வெதர் கேர்ள்ஸ் ஆனது. டோனா சம்மர், டயானா ராஸ் என்ற பெரிய பாடகிகளே வேண்டாமென்று தள்ளிய 'இட்ஸ் ரெயினிங் மென்' பாட்டை 1982-ல் பாடித் தூக்கி நிறுத்தியது இவர்கள்தான்.

இனிதான் வில்லங்கம். இத்தாலியின் பிளாக் பாக்ஸ் என்ற நடன இசைக் குழுவுக்கு மார்த்தா ஸ்டூடியோவில் பாடிக் கொடுக்கிறார். வீடியோவில் பார்த்தால் வாயசைப்பது காத்ரின் கினோல் என்ற பிரெஞ்சு மாடல். 1990-ல் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்று இன்னொரு குழு, அமெரிக்காவில். வேறொரு டெமோவுக்காக, அதாவது மாதிரிப் பதிவுக்காக, மார்த்தா பாடி வைத்த குரல், 'எவ்ரிபடி டான்ஸ் நவ்' என்று பாட்டில் இடி மாதிரி இறங்குகிறது. வீடியோவில் வாயசைப்பது ஸெல்மா டேவிஸ். மறு வருடம் அமெரிக்காவில் அந்தப் பாட்டு நம்பர் ஒன்.

மார்த்தா வழக்குப் போட்டார். இங்கேதான் அண்ணன் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "எம்.ஜி.ஆர். வாயசைத்தார், டி.எம்.எஸ். பாடினார். டி.எம்.எஸ். கோர்ட்டுக்கா போனார்?" பக்கத்தில் இருப்பவர் தட்டினாரே என்று நானும் தட்டிவிட்டேன்.

அண்ணே, டி.எம்.எஸ். பெயர் டைட்டிலில் வரும். இசைத்தட்டில் இருக்கும். ரேடியோவில் பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். எம்.ஜி.ஆர். என்றைக்காவது "நான்தான் பாடினேன்" என்றாரா? அந்த மரியாதையும் நம் நாட்டில் சும்மா வந்துவிடவில்லை. 1949-ல் 'மஹல்' என்ற இந்திப் படம். இசைத்தட்டில் பாடியவர் பெயர் என்ன போட்டார்கள் தெரியுமா? காமினி. அது கதாபாத்திரத்தின் பெயர்! யார் பாடியது, யார் பாடியது என்று ரசிகர்கள் வானொலி நிலையத்தைத் துளைத்தெடுத்த பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயரே வெளியே வந்தது. அந்தப் படத்தில் வாயசைத்தது யார்? மதுபாலா! சாதாரண முகமா அண்ணே அது? மதுபாலாவே திரையில் நிற்கும்போதும் நம்மவன் குரல் யாருடையது என்று கேட்டிருக்கிறான். என் கட்சியை நான் நிரூபிக்க வேண்டியதே இல்லை, அவனே நிரூபித்துவிட்டான். இதற்குமேல் தலைப்பில் எனக்கு வேலை இல்லை.

மார்த்தாவின் வழக்கில் பிளாக் பாக்ஸ் பாட்டை அமெரிக்காவில் வெளியிட்ட ஆர்.சி.ஏ. கம்பெனி இறங்கி வந்து, அவருக்கே ஆல்பம் போட ஒப்பந்தம் கொடுத்தது. சி அண்ட் சி பாட்டை வெளியிட்ட சோனி கம்பெனியோ, வீடியோவில் பாடியது மார்த்தா, தோன்றுவது ஸெல்மா என்று குறிப்புப் போடும்படி எம்டிவியைக் கேட்டுக்கொண்டது. வாயசைத்த பெண்களை நான் குறை சொல்லமாட்டேன். நில் என்றார்கள், நின்றார்கள்.

எனக்குத் தாங்காதது வேறு. கம்பெனிக்காரன் எந்த உடம்பை மறைத்தானோ, அந்த உடம்பைத்தான் சில்வெஸ்டர் கேட்டு வாங்கி மேடையில் தன் பக்கத்தில் நிறுத்தினார். அந்த மனுஷன் 1988 டிசம்பரில் எய்ட்ஸ் வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். வயது 41. போகும்போது தன் பாட்டுக்கு வரும் ராயல்டியை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் அமைப்புகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். மார்த்தாவின் குரலை இன்னொருத்தி முகத்தில் ஒட்டியதை அவர் பார்க்கவில்லை. மார்த்தா ஜெயித்ததையும் பார்க்கவில்லை. 1992-ல் மார்த்தா தன் பெயரிலேயே பாடிய 'கேரி ஆன்' அமெரிக்க நடனப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தபோது அவர் இல்லை. அடுத்த வருடம் மார்த்தாவின் முதல் தனி ஆல்பம் வந்தது, அப்போதும் இல்லை. இருந்திருந்தால் அட்டையைப் பார்த்துச் சிரித்திருப்பார். ஆல்பத்துக்கு வைத்த பெயரே மார்த்தா வாஷ்.

நன்றி, வணக்கம்.