முடி கொட்டும் வீட்டுக்கு எந்த வேக்குவம் கிளீனர்?

நேயர்களுக்கு வணக்கம்.

நாயோ பூனையோ வளர்க்கும் வீட்டில் காலையில் பெருக்கிய கூடம் பத்து மணிக்குள் பழையபடி ஆகிவிடும். சோபாவுக்கு அடியில் பஞ்சு போல உருண்ட முடி, கதவிடுக்கில் கொஞ்சம், பாயின் ஓரத்தில் கொஞ்சம். பூந்துடைப்பத்தால் தள்ளினால் பாதி துடைப்பத்திலேயே சிக்கிக்கொள்ளும். மீதி காற்றில் எழும்பி வேறு மூலையில் போய் உட்காரும். சரி, வேக்குவம் கிளீனர் வாங்கிவிடலாம் என்று புதுச்சேரி நேரு வீதிக்கோ காமராஜர் சாலைக்கோ போனால், கடைக்காரர் முதலில் சொல்வது, "இது 1600 வாட்ஸ் சார், அது 2000 வாட்ஸ்." அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வாட்ஸ் என்பது இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரம். எவ்வளவு நன்றாக இழுக்கும் என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட் உச்சவரம்பு வைத்தது. 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டாகக் குறைத்தது. காற்று போகும் பாதையையும் தரையைத் தொடும் வாயையும் திருத்தி, அந்த 900 வாட்டுக்குள்ளேயே நன்றாக இழுக்கும் இயந்திரங்களைச் செய்தார்கள். நீங்கள் பார்க்க வேண்டிய எண் கிலோபாஸ்கல், அதாவது இழுவிசை. அதுவும் ஹோஸின் வாயை முழுக்க அடைத்து அளந்த எண்தான். தரையில் கிடக்கும் முடியை வாரிக்கொண்டு போவது காற்றோட்டம். அதை விநாடிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் கேளுங்கள்.

வாட்ஸ் உங்களுக்கு உதவும் இடம் ஒன்று உண்டு. 230 வோல்ட்டில் 1600 வாட் என்றால் கிட்டத்தட்ட 7 ஆம்பியர். சுவரில் சாதாரணமாக இருக்கும் 6 ஆம்பியர் பிளக் 1380 வாட் வரைதான் தாங்கும். பழைய வீடுகளில் 16 ஆம்பியர் பவர் பிளக் சமையலறையிலும் ஏசி அறையிலும் மட்டுமே இருக்கும். சோபா இருக்கும் கூடத்தில் எந்த பிளக் என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முடியைப் பிடிப்பது மோட்டார் அல்ல, வாய்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் போன்றவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே விறைப்பான முடி, அடியில் கம்பளி போல மென்மையானது. அடி அடுக்குதான் உருண்டை உருண்டையாகக் கொட்டும். அதை வாருவது எளிது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, நம் தெருநாய் இவற்றின் குட்டை முடியைப் பார்த்து, "இது அவ்வளவாகக் கொட்டாது" என்று நினைப்பார்கள். அந்தக் குட்டை முடி ஊசி மாதிரி சோபா துணியின் நெசவுக்குள் குத்தி நிற்கும். வெறும் காற்றால் அதைப் பிடுங்க முடியாது; தட்டி எழுப்ப ஒரு பிரஷ் வேண்டும். பெர்ஷியன் பூனையின் முடி நீளமானது, மெல்லியது. சுழல்கிற எதையும் சுற்றிக்கொள்ளும்.

நம் வீடுகளின் தரையைப் பாருங்கள். டைல்ஸ், மொசைக், கிரானைட், பழைய வீடானால் சிவப்புச் சிமெண்ட். சுவருக்குச் சுவர் கம்பளம் விரித்த வீடு இங்கே அபூர்வம். வெளிநாட்டு விமர்சனங்களில் புகழப்படும் முரட்டு நார் சுழல் பிரஷ் கம்பளத்துக்காகச் செய்தது. அதை டைல்ஸில் ஓட்டினால் முடியையும் மணலையும் பின்பக்கமாக உங்கள் காலிலேயே வாரியடிக்கும். தரைக்கு, சுற்றிலும் மெல்லிய நார் வைத்த தட்டையான வாயோ, வெல்வெட் போல மென்மையான உருளையோ போதும். சுழல் பிரஷ் உள்ள இயந்திரமானால் அதை மட்டும் தனியாக நிறுத்த ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

சோபா, மெத்தை, கார் சீட், கால்மிதி இவற்றுக்குத்தான் சுழலும் சின்ன பிரஷ் வேண்டும். இதில் இரண்டு வகை. காற்றின் வேகத்தால் சுழல்வது ஒன்று, தனி மோட்டார் வைத்தது ஒன்று. முதல் வகையைக் கனமான குஷனில் அழுத்தினால் சுற்றாமல் நின்றுவிடும். கூடுதல் பணம் கொடுப்பதானால் மோட்டார் வைத்த பிரஷுக்குக் கொடுங்கள், அது வீணாகாது. இந்தச் சின்ன பிரஷ் பெட்டியிலேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள். தனியாக வாங்கினால் குழாயின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 32 மில்லிமீட்டர், 35 மில்லிமீட்டர் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன; ஒன்று மற்றதில் பொருந்தாது.

பழுது ஆரம்பிக்கும் இடமும் பிரஷ்தான். முடி உருளையின் இரு முனைகளுக்கும் நகர்ந்து பேரிங்கில் சுற்றிக்கொள்ளும். உரசலில் சூடேறி முனையிலுள்ள பிளாஸ்டிக் உருகும். பெல்ட் உள்ளதானால் பெல்ட் அறுந்துபோகும். ஆகவே ஒரு நாணயத்தால் திருகினாலே உருளை கழன்று வருகிற மாடலாகப் பாருங்கள். வாரம் ஒருமுறை கழற்றி, நீளவாக்கில் கத்தரி விட்டு முடியை வெட்டி எடுக்க வேண்டும். நாருக்குப் பதில் ரப்பர் பட்டை வைத்த உருளையில் முடி குறைவாகவே சுற்றும்.

அடுத்து, வாரிய முடி போய்ச் சேரும் இடம். பையா, டப்பாவா? முடி கொட்டும் வீட்டுக்குப் பைதான் நல்லது என்பேன். பை இல்லாத டப்பாவில், உள்ளே இருக்கும் சல்லடைக் கூம்பைச் சுற்றி முடி இறுகிவிடும். கையால் பிடுங்கும்போது தூசு முகத்துக்கு வரும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இது சாதாரண விஷயமல்ல. நாய், பூனையால் வரும் ஒவ்வாமைக்குக் காரணம் முடி அல்ல. எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம். பூனையின் புரதம் 5 மைக்ரானுக்கும் சிறிய துகளில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் காற்றில் மிதக்கும். அதைப் பிடிக்க ஹெப்பா ஃபில்டர் வேண்டும். எச்13 தரம் என்றால் பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களிலும் 99.95 சதவீதத்தை நிறுத்தும். பெட்டியில் "ஹெப்பா டைப்" என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபில்டர் நன்றாக இருந்தும் மூடியின் இடுக்கில் காற்று கசிந்தால் பயனில்லை. ஓடும்போது மூடியைச் சுற்றிக் கையை வைத்துப் பாருங்கள். காற்று அடித்தால் அதை விட்டுவிடுங்கள்.

பை வைத்த இயந்திரம் வாங்குமுன், அதற்கான பை இங்கே தொடர்ந்து கிடைக்குமா என்று கேளுங்கள். முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் நிறையாவிட்டாலும் மாற்றுங்கள். ஈரக்காற்றில் முடி ஊறி, இயந்திரத்தைப் போட்டவுடன் கூடம் முழுக்க நாய் வாடை வரும்.

கழுவக்கூடிய ஃபில்டரானால், வெயில் நாளில் 24 மணி நேரம் நிழலில் உலர்த்தினால் போதும். மழைநாளில் இரண்டு நாள் பிடிக்கும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், மோட்டாரும் கெடும். கையில் இன்னொரு ஃபில்டர் வைத்திருப்பது நல்லது. காகித மடிப்பு ஃபில்டரில், கழுவலாம் என்று எழுதியிருந்தால் ஒழியத் தண்ணீர் படக்கூடாது.

வீராம்பட்டினத்துக்கோ தேவனாம்பட்டினத்துக்கோ நாயைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறவர்கள், வாசலிலேயே பழைய துண்டால் காலையும் வயிற்றையும் துடைத்து, முடியைச் சீப்பால் வாரிவிடுங்கள். மணல் டப்பாவின் பிளாஸ்டிக்கைக் கீறும். கோலமாவு மிக நுண்மையானது. ஃபில்டர் மடிப்பை ஒரே நாளில் அடைத்துவிடும். அதற்குத் துடைப்பமே போதும். சாம்பிராணிச் சாம்பல் பக்கம் இயந்திரத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். கனல் இருந்தால் பைக்குள் தீப்பிடிக்கும்.

உண்ணித் தொல்லை உள்ள வீட்டில் ஒடுங்கிய நீள வாய்தான் கைகொடுக்கும். நாய் உண்ணி சுவர் ஏறி, விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் முட்டையிடும். தெள்ளுப்பூச்சியின் முட்டை நாயின் மேல் ஒட்டாமல் படுக்கையில் உதிரும். இரண்டு மூன்று வாரம் தினமும் அந்த இடங்களை உறிஞ்சி, பையை அன்றன்றைக்கே கட்டி வெளியே போடுங்கள். கால்நடை மருத்துவர் தரும் மருந்தும் கூடவே நடக்க வேண்டும்.

மற்ற வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீரையும் உறிஞ்சும் டிரம் வகை உறுதியானது, ஆனால் கனம், இரைச்சல் அதிகம். ஒயரில்லாத வகை, பெட்டியில் 60 நிமிடம் என்று போட்டிருந்தாலும், முழு வேகத்தில் பிரஷோடு ஓட்டினால் பத்து நிமிடத்தை ஒட்டித்தான் ஓடும்; அன்றாடம் மேலோட்டமாகச் சுத்தம் செய்ய நல்லது. ரோபோ, பழைய வீடுகளின் உயர்ந்த நிலைப்படியைத் தாண்டாது. குட்டி நாய் அசிங்கம் செய்திருந்தால் வீடு முழுக்கப் பூசிவிடும்.

கடைக்குப் போகும்போது உங்கள் நாயின் முடியையே ஒரு பாலிதீன் கவரில் எடுத்துப் போங்கள். ஒரு கால்மிதியில் தேய்த்து அழுத்திவிட்டு, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பிரஷைத் திருப்பிப் பாருங்கள். முடி பைக்குள் போயிருக்க வேண்டும். பிரஷில் சுற்றியிருந்தால் வேறு மாடலைக் கேளுங்கள்.

வீட்டில் ஓட்டும்போது முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஈரமான ரப்பர் கையுறையால் சோபாவை ஒரே திசையில் வழித்தால் பெரும்பாலான முடி திரண்டு வரும். மிச்சத்துக்குச் சின்ன பிரஷ். தரை கடைசியில். மாப் போடுவது அதற்கும் பிறகுதான். முதலில் ஈரப்படுத்தினால் முடி தரையோடு ஒட்டிக்கொள்ளும். இழுவை திடீரென்று குறைந்தால் மோட்டாரைச் சந்தேகிக்குமுன் ஹோஸின் வளைவைப் பாருங்கள். முடிக்கட்டி அங்கேதான் அடைத்திருக்கும்.

நாய்க்கு இந்தச் சத்தம் நம்மைவிடப் பெரிதாகக் கேட்கும். இரண்டு மூன்று நாள் இயந்திரத்தை ஓட்டாமல் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பிறகு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அந்த நேரத்தில் யாராவது அதற்குத் தின்பண்டம் கொடுக்கட்டும். அது வாலைக் காலுக்கிடையில் ஒடுக்கினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். நன்றி, வணக்கம்.