பாதை வரும்வரைக்கும் கச்சான் சாப்பிடலாம்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காத்துச் சத்தம் கேக்குதோ? திருகோணமலை டச்பே கடற்கரையில இருந்து கதைக்கிறன். பொறுங்கோ, மைக்கைக் கையால பொத்திப் பிடிக்கிறன்... இப்ப சரியோ?

போன ஞாயிறு ஆராதனை முடிய ஒரு தங்கச்சி கேட்டவ, "அக்கா, ரெண்டு வேலை வந்திருக்கு, தேவசித்தம் எதெண்டு எப்பிடித் தெரியும்?" எண்டு. எனக்கு உடன வாய் வரேல்ல. அந்த விஷயத்தில நான் விட்ட கூத்து அப்பிடி.

2013ஆம் வருசம் பிறக்கேக்க, நடுச்சாம ஆராதனையில வாக்குத்தத்த அட்டை, அதுதான் வேத வசனம் அச்சடிச்ச அட்டை, ஆளுக்கொண்டு எடுத்தம். எனக்கு வந்தது ஆதியாகமம் 12:1. "நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ." ஏலெவல் முடிஞ்சு கம்பஸ் கிடைக்காமல் இருந்த நேரம். காண்பிக்கும் தேசம் கட்டார்தான் எண்டு முடிவெடுத்திட்டன்! அந்த வசனத்தில கட்டார் எங்க இருக்கு? அது நான் போட்டது. அம்மான்ர காப்பு ரெண்டும் அடகுக்குப் போச்சு. ஏஜென்சிக்காரர் ஒருத்தர் காசை வாங்கிப்போட்டு ஏழு மாசம் "வாற கிழமை விசா" எண்டார். பிறகு போனும் எடுக்கிறேல்ல.

கனநாளைக்குப் பிறகு அம்மான்ர வேதாகமத்தைத் திறந்தா, அவவின்ர அட்டையிலயும் அதே வசனம், அதே ரோசாப்பூப் படம். அம்மா நிலாவெளி தாண்டாத மனுசி. "உங்களை எந்தத் தேசத்துக்குக் கூப்பிட்டவர்?" எண்டு கேட்டன். "குசினிக்கு" எண்டா.

அட்டையில பிழை இல்லை. நான் எழுதி முடிச்ச கடிதத்தில ஆண்டவரைக் கையெழுத்துப் போடச் சொன்னனான்.

அப்போஸ்தலர் 16ஐ எடுத்துப் பாருங்கோ. பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார், தடை. பித்தினியாவுக்குப் பார்க்கிறார், அதுவும் தடை. துரோவாவில வந்து நிக்கேக்கதான் மக்கெதோனியாக்காரன் தரிசனத்தில வாறான். 10ஆம் வசனத்தில "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" எண்டிருக்கு. தரிசனம் கண்டது ஒருத்தர், நிச்சயிச்சது நாங்கள். கூட இருந்தவையோட கதைச்சிருக்கினம். நான் ஆரோட கதைச்சன்? இன்னொண்டு, தரிசனத்தில வந்தது ஆம்பிளை, பிலிப்பியில ஆத்தங்கரையில முதல் சந்திச்சது பொம்பிளையளை. பிறகு மறியல் வேற!

நீதிமொழிகள் 3:6 எல்லாருக்கும் பாடம். "அவர் உன் பாதைகளைச் செவ்வைப்படுத்துவார்." எங்கட பக்கத்து ஆக்களுக்குப் பாதை எண்டா இன்னொண்டும் ஞாபகம் வரும். 2009இல கிண்ணியாப் பாலம் திறக்க முந்தி, பஸ்ஸை ஏத்தி அக்கரை கொண்டுபோன மிதவைக்குப் பேரே பாதைதான். இப்ப 396 மீற்றர் பாலம், ஒரு பாட்டு முடிய முதல் பஸ் தாண்டிடும். அப்ப அம்மம்மாவோட மூதூருக்குப் போகேக்க, துறையடியில எல்லாரும் இறங்கோணும். இரும்புத் தட்டில சில்லு ஏறேக்க டமார் எண்டு சத்தம். டிரைவர் எஞ்சினை நிப்பாட்டிப் போடுவார். பஸ் சும்மா நிக்கும், பாதைதான் போகும். சின்னனில எனக்கு அது பெரிய புதினம். பாதை அக்கரையில நிண்டால் நாங்க இக்கரையில கச்சான் சாப்பிடுவம். வரேல்ல எண்டு ஒருத்தரும் பஸ்ஸைத் தண்ணிக்குள்ள விட்டதில்லை.

நான் விட்டனான். காப்போட சேர்த்து.

பிறகு உப்புவெளியில ஒரு பாலர் பாடசாலையில, ரீச்சர் ஒருத்தருக்குப் பிள்ளைப்பேறு லீவு, மூண்டு மாசம் வாறியோ எண்டு கேட்டிச்சினம். அட்டையுமில்லை, சொப்பனமுமில்லை. உண்மையைச் சொன்னா விருப்பமுமில்லை. அடகு மீட்கக் காசு வேணும், ஜெபம் பண்ணிப்போட்டுப் போனன். இப்பயும் அங்கதான் நிக்கிறன். மூக்கு வடியிற இருபது பிள்ளையளோட.

அந்தத் தங்கச்சிக்கு இவ்வளவுதான் சொன்னன்: ரெண்டு இடத்திலயும் சம்பளம் என்ன, பொய்க்கணக்கு எழுதச் சொல்லுவினமோ எண்டு முதல் விசாரி. வீட்டில கதை. ஜெபத்தில "எனக்கு இதுதான் வேணும்" எண்டு இருந்தா அதை ஒளிக்காமல் சொல்லு, அவருக்குத் தெரியாததே. அதுக்குப் பிறகும் ரெண்டும் சரியாத் தெரிஞ்சா, ஒண்டை எடு. மற்றதை எடுத்தா ஆண்டவர் கோவிச்சுக்கொண்டு போகமாட்டார்.

அவ இன்னும் முடிவெடுக்கேல்ல. நேற்றும் போன் எடுத்தவ, திரும்ப அதே கேள்வி...

ஐயோ, இஞ்ச கரையில திரியிற மானொண்டு பையை இழுக்குது! அதுக்குள்ள அம்மாவுக்கு வாங்கின பாண் கிடக்கு. ஏய், விடு! சரி, நான் நிப்பாட்டுறன்.