சாட்சி சொன்னதும் ஏட்டில் ஏறியதும்

நேயர்களுக்கு வணக்கம். மூணாறு, தேவிகுளம், மறையூர்ப் பக்கம் மலையாளத்தில் சம்மன் வந்தால், படித்த பிள்ளை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்வோம். அதில் ‘பிரதி’ என்று இருக்கும். மலையாளத்தில் அது குற்றம் சாட்டப்பட்டவர். தமிழ்க் காதுக்கோ நகல்! ஏதோ நகல்தானே என்று பெட்டியில் போட்டுவிட்டால் அடுத்து வாரண்டு வந்து நிற்கும். போர் ஓய்ந்த நாடுகளில் நீதிமன்றங்களைத் திரும்ப எழுப்பப் போகும் மூத்த சட்ட ஆலோசகர் முதலில் பார்க்க வேண்டியதும் இந்த மாதிரி ஒரு தாளைத்தான்.

கிழக்குத் திமோரில் நடந்ததைக் கேளுங்கள். 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் மக்கள் இந்தோனேசியாவை விட்டுப் பிரிய முடிவு செய்தார்கள். தொடர்ந்த வன்முறையில் கோர்ட்டுகள் எரிந்தன, நீதிபதிகள் போய்விட்டார்கள். மிச்சமிருந்த சட்டப் பட்டதாரிகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? விமானத்திலிருந்து துண்டறிக்கை போட்டு அழைத்தார்கள். ஆமாம், விமானத்திலிருந்து! வந்தவர்களில் முதல் நீதிபதிகள் 2000 ஜனவரியில் பதவியேற்றார்கள். அதற்குமுன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒருவருமில்லை.

ஆள் கிடைத்தது, மொழி கிடைக்கவில்லை. பழைய சட்டம் இந்தோனேசிய மொழியில், அப்போது நாட்டை நிர்வகித்த ஐ.நா.வின் விதிகள் ஆங்கிலத்தில். 2002 அரசியலமைப்பின் ஆட்சிமொழிகள் தேத்துமும் போர்த்துகீசும். மலைக்கிராமத்துச் சாட்சி பேசுவதோ மக்கசாய். அவர் சொல் இரண்டு மூன்று வாய் தாண்டித்தான் ஏட்டில் ஏறும்.

எங்கே கெடுகிறது என்றால், சாட்சி “நான் பார்த்தேன்” என்கிறார். உரைபெயர்ப்பவர் “அவர் பார்த்தாராம்” என்கிறார். அந்த ஒரு ‘ஆம்’ போதும், கண்ணால் கண்டது கேள்விப்பட்டதாகிவிடும். அதனால் ‘நான்’ என்றால் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை சாட்சியை நிறுத்தவேண்டும். நீளவிட்டால் பத்து வாக்கியம் இரண்டாகச் சுருங்கும். கைது செய்த போலீஸ்காரரே பெயர்த்துச் சொல்லக் கூடாது. ஜாமீன், ரிமாண்டு போன்ற ஐம்பது சொற்களுக்காவது ஊர்ச்சொல் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். கையெழுத்துக்குமுன் வாக்குமூலத்தைச் சாட்சிக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டவேண்டும். திரும்பச் சொல்கிறேன், கையெழுத்துக்கு முன்.

புதுச் சட்டம் எழுதித் தருவதைவிட இந்த வேலைதான் பெரிது. நம் நாட்டிலும், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் நடந்தால் திறந்த கோர்ட்டிலேயே அவருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லவேண்டும் என்று நடைமுறைச் சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சிறைப் பதிவேடு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். பெயர், கைதான நாள், அடுத்த வாய்தா, ரிமாண்டு முடியும் நாள் ஆகிய நான்கையும் வாரம் ஒருமுறை சரிபார்க்கவேண்டும். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆள் மறக்கப்பட்டவர். நம் நாட்டில் காவலில் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100. இன்னொரு முறை, 15100.