நுரையீரல் உறைக் கட்டியில் ஊறும் சர்க்கரை இழை

(காட்சி: பலகையில் நறுக்கப்படும் வெண்டைக்காய், கத்தியோடு இழுபடும் நூல்.)

வணக்கம். டர்பனில் நம் வீட்டுச் சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கியவர்களுக்கு இந்தக் கொழகொழப்பு புதிதல்ல. பல சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டதால் வருவது அது. மீசோதெலியோமா என்னும் நுரையீரல் உறைப் புற்றுநோயில், நெஞ்சுக்கூட்டில் தேங்கிய நீரை ஊசியால் எடுக்கும்போது, சிலரிடம் அது சட்டெனச் சொட்டாமல் தேன்போல் இழை விட்டு இறங்கும்.

(காட்சி: சங்கிலியின் வரைபடம்.)

அந்த இழை ஹயலுரோனிக் அமிலம். குளுகுரோனிக் அமிலமும் என்-அசிட்டைல் குளுக்கோசமைனும் மாறி மாறி ஆயிரக்கணக்கில் இணைந்து நீளும் சங்கிலி இது. இதன் இனத்தைச் சேர்ந்த மற்றச் சங்கிலிகள் சல்பேட்டைச் சுமந்துகொண்டு புரதத் தண்டில் ஒட்டியிருக்க, இது இரண்டும் இல்லாமல் தனித்து நிற்கிறது. குளுகுரோனிக் அமிலத்தின் கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின்சுமை கொண்டு சோடியம் அயனிகளையும், அவற்றோடு நீரையும் இழுத்து வைத்துக்கொள்வதால், சிறிதளவு கலந்தாலே நீர் கெட்டிப்படுகிறது.

இதை நஞ்சென்று எண்ணிவிடக் கூடாது. மூச்சுவிடும்போது நுரையீரல் உரசாமல் வழுக்கிச் செல்வதற்காக, நலமான உறையணுக்களும் இதைச் சுரக்கின்றன; சவ்வில் அமர்ந்த நொதியொன்று சங்கிலியைக் கோத்தபடியே வெளியே தள்ளுகிறது. புற்றணு செய்வதும் அதே பழைய வேலைதான், ஆனால் அளவில்லாமல்.

(காட்சி: வடகேப் நிலப்பரப்பு.)

இந்த நோயின் வரலாறு நம் தென்னாப்பிரிக்க நாட்டோடு பிணைந்தது. கிம்பர்லியில் காசநோய் என்று கருதப்பட்டு, அதற்குரிய மருந்துக்கு அசையாத நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்த வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் ஆகிய மருத்துவர்கள், 1960இல் 33 பேரைப் பற்றி எழுதி, வடகேப்பின் நீலக் கல்நாரோடு (ஆஸ்பெஸ்டாஸ்) கட்டியைத் தொடர்புபடுத்தினர். தூசியை உள்ளிழுத்ததற்கும் கட்டி தென்படுவதற்கும் இடையே பல பத்தாண்டுகள் ஓடிவிடும் என்பதால், கல்நாருக்கு 2008இல் தடை வந்த பிறகும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

(காட்சி: அருகருகே இரண்டு கண்ணாடித் தகடுகள்.)

திசுவில் இந்தச் சர்க்கரையைக் காண அல்சியன் நீலச் சாயம் உதவியது. ஒரு தகட்டை அப்படியே சாயமேற்றி, மற்றதை முதலில் ஹயலுரோனிடேஸ் நொதியில் ஊறவைத்துச் சாயமேற்றுவார்கள். இரண்டாவதில் நீலம் மறைந்தால், நொதி வெட்டியது ஹயலுரோனிக் அமிலத்தைத்தான். ஆகவே மீசோதெலியோமாவின் மீது ஐயம் வலுக்கும். நீலம் அப்படியே நின்றால், அடினோகார்சினோமா என்னும் சுரப்பணுப் புற்றுநோயின் சளிப்பொருளையும் எண்ணிப்பார்க்க வேண்டும். எல்லா மீசோதெலியோமாவும் இதைத் தாராளமாகச் சுரப்பதில்லை என்பதாலேயே, இன்று கால்ரெட்டினின் போன்ற புரதங்களைத் தேடும் எதிர்ப்பொருள் சாயங்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன.